படுக்கையருகே திருநீறும் மருந்தும்

வீட்டில் படுத்திருக்கும் அப்புச்சியையோ அமுச்சியையோ (அம்மாவழித் தாத்தா, பாட்டி) பராமரிப்பவர், வழிபாட்டில் எது ஆறுதல் தருகிறது என்பதை முதலில் அவரிடமே கேட்டறிய வேண்டும். மருதமலைத் திருநீற்றை நெற்றியில் இடலாம். புண்ணிலோ ஊசிக்குழாய் செருகிய இடத்திலோ படக்கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை எல்லாம் சேர்ந்திருப்பதால், சர்க்கரை நோயாளிக்குப் பிரசாதம்தானே என்று கரண்டி கரண்டியாக ஊட்டாமல், நுனிவிரலில் தொட்டு நாவில் வைப்பதோடு நிறுத்த வேண்டும். (மறுத்தால் சாமி குத்தம் என்று பதறும் உறவினர்களைச் சமாளிப்பதுதான் கடினம்.) சஷ்டி விரதம் இருக்க விரும்புபவருக்கு, இன்சுலின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் கற்பூரமும் அகல்விளக்கும் கூடவே கூடாது. குலதெய்வக் கோயில் கயிறு, வீங்கிய மணிக்கட்டை இறுக்கினால், அவர் சம்மதத்துடன் அவிழ்த்துத் தலையணையடியில் வைக்கலாம்.