ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல்: அறிகுறிகளை நாள் எண்ணிப் பாருங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் அடைமழைக்குப் பிறகு பட்டியில் சினையாடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசுகின்றனவா (கருச்சிதைகின்றனவா)? இளங்குட்டிகள் கொத்தாகச் சாகின்றனவா? அங்கே மனிதருக்கு வரும் எந்தக் காய்ச்சலையும் சாதாரணமாக விடாதீர்கள். அது ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலாக இருக்கலாம். 1931இல் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் ஆடுகளிடம் அடையாளம் கண்ட வைரஸ் இது. 2000இல் சவூதி அரேபியா, ஏமன் வரை பரவியது.

கொசு பரப்பும் நோய்தான். ஆனால் மனிதருக்குப் பெரும்பாலும் விலங்கின் ரத்தம், உறுப்புகள் வழியாகவே தொற்றுகிறது. அதனால் கொசுக்கடியைப் பற்றி மட்டும் விசாரித்தால் போதாது. ஆடுமாடு அறுத்தாரா, ஈற்றுக்குக் கைகொடுத்தாரா, வீசிய குட்டியை வெறுங்கையால் எடுத்தாரா என்று கேளுங்கள்.

தொற்றிய 2 முதல் 6 நாளில் திடீரெனக் காய்ச்சல், தலைவலி, தசைவலி, மூட்டுவலி வரும். சிலருக்குக் கழுத்து விறைக்கும், வெளிச்சம் கூசும். இந்தக் கட்டத்தில் மலேரியாவிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். முதல் சில நாளில் வைரஸையே தேடும் ஆர்டி-பிசிஆர், பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். பெரும்பாலோருக்கு 4 முதல் 7 நாளில் தணிந்துவிடும்.

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கட்டாயம் எழுதி வையுங்கள். அந்தத் தேதியிலிருந்து எண்ணினால், ஆபத்துகள் வெவ்வேறு நாளில் வருபவை.

மிகக் கொடியது 2 முதல் 4 நாளில் வரும் ரத்தக்கசிவு. முதலில் காமாலை தெரியும். மஞ்சள் விளக்கொளியில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். பகல் வெளிச்சத்தில் கீழிமையை இறக்கி வெள்ளைவிழியைப் பாருங்கள். ஈறில், மூக்கில் ரத்தம், ரத்தவாந்தி, கறுத்த மலம், தோலில் ஊதாத் திட்டு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. இந்நிலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறக்கிறார்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று பலர் கவனிப்பை நிறுத்துகிறார்கள், தவறு அங்கேதான். 1 முதல் 3 வாரத்தில் கண் பாதிக்கலாம். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். தினமும் ஒரு கண்ணைப் பொத்தி, கதவின் விளிம்பைப் பாருங்கள்; பிறகு மறு கண். கோடு நெளிந்தாலோ நடுவில் மங்கினாலோ கண் மருத்துவரிடம் போங்கள். 1 முதல் 4 வாரத்தில் கடுந்தலைவலி, மறதி, குழப்பம், வலிப்பு வந்தால் மூளையழற்சி என்றே கொள்ளுங்கள்.

ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமாலும் மருத்துவர் சொன்ன அளவில்தான், ஏனென்றால் இந்த வைரஸ் முதலில் தாக்குவதே கல்லீரலை.