ஜிங்க் ரிப்போர்ட்டில் 58: எடைக்குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

எடைக்குறைப்புக்காக ஸ்லீவோ (இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது), பைபாஸோ (சாப்பாட்டைக் குடலின் முன்பகுதியைத் தாண்டி இறக்குவது) செய்துகொண்டவரின் ஆண்டுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்த்துப் பழகிய வரிகள். அவற்றுக்குக் கீழே 'ஜிங்க், சீரம்: 58' என்றிருக்கும், பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்து. அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போய் 50 மில்லிகிராம் மாத்திரை வாங்கிவிடுகிறவர்கள் நிறைய பேர். வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அது எத்தனை மணிக்கு, எந்த ட்யூபில் எடுத்த 58? ரிப்போர்ட்டில் தனியாக நிற்கவே முடியாத எண்களில் ஜிங்க் முதலிடம் பிடிக்கும்.

காரணம் எளிது. உடம்பில் மொத்தம் ஏறக்குறைய 2 கிராம் ஜிங்க் இருக்கிறது. பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். ரத்த நீரில் மிதப்பது அதில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். லேப் அளப்பது அந்தத் துளியை. சாப்பாடு, காய்ச்சல், நேரம் என்று எது தொட்டாலும் அது அசையும்.

சர்ஜரிக்குப் பிறகு நிஜமாகவே குறைவதும் உண்டு. உணவிலுள்ள ஜிங்க் முக்கியமாக முன்சிறுகுடலிலும் அதையடுத்த பகுதியிலும் உறிஞ்சப்படுகிறது. பைபாஸில் சாப்பாடு அந்த இடத்தைத் தொடாமலே இறங்குகிறது. ஸ்லீவில் குடலில் கை வைப்பதில்லை. ஆனாலும் சாப்பிடும் அளவும் இரைப்பை அமிலமும் குறைந்துவிடுகின்றன. பேன்டோப்ரசோல் மாதிரி அமில மாத்திரை மாதக்கணக்கில் ஓடினால் இன்னும் குறையலாம். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் டியோடினல் ஸ்விட்ச் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ரத்தம் கொடுக்கும் நாள்

பாதிப் பிழைகள் ஊசி குத்துவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். ஜிங்க் உள்ள மாத்திரை, மல்டிவைட்டமின் எதையும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் போட வேண்டாம். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு லேப்புக்குப் போனால் ஏறியிருக்கும் அளவு மாத்திரையுடையது. சளி, காய்ச்சல், புண், சமீபத்திய ஆபரேஷன் இருந்தால், அவசரமில்லாதபட்சத்தில் இரண்டு மூன்று வாரம் தள்ளிவையுங்கள்.

லேப்பில் ட்யூபின் மூடியைப் பாருங்கள். ஜிங்க், காப்பர், செலினியம் போன்ற நுண்தனிமங்களுக்கென்று கருநீல மூடி போட்ட தனி ட்யூப் உண்டு. சாதாரண ட்யூப்களின் ரப்பர் மூடியிலேயே ஜிங்க் இருப்பதால் அது கசிந்து அளவை ஏற்றிக் காட்டும். 'கருநீல ட்யூபில்தானே எடுக்கிறீர்கள்?' என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டால் எரிச்சல்படுகிற லேப்பை மாற்றிவிடலாம்.

கையில் கட்டும் பட்டையை நிமிடக்கணக்கில் இறுக்கி வைத்தாலும் அளவு கூடும். சிவப்பணுக்களுக்குள் ஜிங்க் ரத்த நீரில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு. எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலோ, எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் வெயிலில் பைக் பெட்டியில் மணிக்கணக்கில் சுற்றினாலோ, உள்ளே இருப்பது வெளியே வந்து கலந்துவிடும். வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்கும் வசதி இரும்புக்கும் சர்க்கரைக்கும் சரி. ஜிங்குக்கு நேராக லேப்புக்கே போவது மேல். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' (அணுக்கள் உடைந்தது) என்று ஒரு வரி இருந்தால் அந்த ஜிங்க் எண்ணை அடித்துவிட்டு மறுபடி கொடுங்கள். இதில் ஆபத்து, நிஜமாகக் குறைந்திருக்கும் அளவு நார்மல் மாதிரி தெரிவதுதான்.

எண்ணும் அலகும்

பெரும்பாலான லேப்கள் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று தருகின்றன. பொதுவான வரம்பு சுமார் 70 முதல் 120. வெளிநாட்டு ரிப்போர்ட்டில் மைக்ரோமோல் இருக்கும். மைக்ரோகிராம் எண்ணை 0.153 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மைக்ரோமோல் கிடைக்கும்: 80 என்பது 12.2. அதே 80 சில லேப்களில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராம் என்றும் வரும். பயப்பட வேண்டாம், பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். உலக அளவில் புழங்கும் கீழ்வரம்புகள் நேரத்துக்கு ஏற்ப மாறுகின்றன. காலை வெறும் வயிற்றில் பெண்களுக்கு 70, ஆண்களுக்கு 74. காலையில் சாப்பிட்டபின் 66, 70. பிற்பகலில் 59, 61. லேப் அச்சிடும் வரம்போ எல்லா நேரத்துக்கும் ஒன்றே. அதனால் ஒரு பெண்ணுக்கு மாலை 4.20-க்கு எடுத்த 58 கோட்டின் விளிம்பில் நிற்கிறது, காலை 7.30-க்கு வெறும் வயிற்றில் எடுத்த 58 தெளிவான குறைவு. 'சாம்பிள் சேகரித்த நேரம்' என்ற வரி ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை

ரத்த நீரிலுள்ள ஜிங்கில் பெரும்பகுதி ஆல்புமின் என்ற புரதத்தின் முதுகில் சவாரி செய்கிறது. சர்ஜரிக்குப் பிறகு புரதம் போதாமல் ஆல்புமின் 3.1-க்கு இறங்கினால், சவாரிக்கு முதுகில்லாமல் ஜிங்க் எண்ணும் இறங்கும். அங்கே முதல் வேலை புரதம்.

அடுத்தது சி.ஆர்.பி, அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் ரத்தத்திலுள்ள ஜிங்கை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். சி.ஆர்.பி லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் குறைந்த ஜிங்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது. காப்பர் இதற்கு நேர்மாறு: அழற்சியில் ஏறும். கருத்தடை மாத்திரையும் கர்ப்பமும்கூட ஜிங்கை இறக்கி, காப்பரை ஏற்றும். இது தெரியாவிட்டால், குறைந்திருக்கும் காப்பர் நார்மலாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

கல்லீரல் பரிசோதனையிலுள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஜிங்க் இல்லாமல் வேலை செய்யாத நொதி. அது வரம்புக்குக் கீழே இருந்து ஜிங்கும் குறைவாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. நார்மலாக இருந்தால் ஜிங்க் சரி என்று அர்த்தமில்லை. சர்ஜரி செய்தவர்களிடம் சகஜமான வைட்டமின் டி குறைவு அதே நொதியை மேலே தூக்கிவிடும்.

இரண்டு ரிப்போர்ட்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது: ஜிங்க் 58, மாலை 4.20, ஆல்புமின் 3.1, சி.ஆர்.பி 34. இதை வைத்து மாத்திரை தொடங்குவதில் அர்த்தமில்லை. அழற்சி அடங்கி, புரதம் சரியானபின் காலையில் மறுபரிசோதனை. இரண்டாவது: ஜிங்க் 58, காலை 7.30, ஆல்புமின் 4.2, சி.ஆர்.பி 2. கூடவே நாக்கில் ருசி தெரியவில்லை, வாயோரத்தில் ஆறாத செதில் புண். இது நிஜக் குறைவு.

முடி கொட்டுவது அறிகுறிப் பட்டியலில் கடைசி. சர்ஜரிக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் கொட்டும் முடி பெரும்பாலும் வேகமான எடையிழப்பின் அதிர்ச்சியில் கொட்டுவது. புரதமும் இரும்பும் குறைந்தால் கூடும். ஜிங்க் நார்மலாக உள்ளவருக்கு ஜிங்க் மாத்திரை முடி கொட்டுவதை நிறுத்தாது.

மாத்திரையின் கணக்கு

பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) சர்ஜரிக்கான அமெரிக்கச் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி குறைவு வராமல் காக்க ஒரு நாளைக்கு: ஸ்லீவுக்கு 8 முதல் 11 மில்லிகிராம், பைபாஸுக்கு 8 முதல் 22, டியோடினல் ஸ்விட்சுக்கு 16 முதல் 22. இவை தனிம ஜிங்க் (உப்பின் மற்ற பாகங்களைக் கழித்த ஜிங்க் மட்டும்) அளவுகள். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது பல சமயம் உப்பின் எடை. 220 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் தனிம ஜிங்க் 50 மட்டுமே. 50 மில்லிகிராம் ஜிங்க் குளுக்கோனேட்டிலோ ஏழுதான். 'தனிம ஜிங்குக்குச் சமம்' என்று அட்டையில் உள்ள வரிதான் உங்கள் டோஸ்.

ஏற்கெனவே போடும் மல்டிவைட்டமினில் எவ்வளவு ஜிங்க் என்று கூட்டிப் பாருங்கள். பல்செட் ஒட்டும் பசைகள் சிலவற்றிலும் ஜிங்க் உண்டு. யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூடினால் என்ன ஆகும்? அதிக ஜிங்க் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைப் பெருக்குகிறது. அது காப்பரைப் பிடித்துக்கொண்டு, செல் உதிரும்போது காப்பரையும் மலத்தோடு வெளியேற்றிவிடும். அதனால் 8 முதல் 15 மில்லிகிராம் ஜிங்குக்கு 1 மில்லிகிராம் காப்பர் சேர வேண்டும். நிரூபணமான குறைவுக்கு டாக்டர் கொஞ்ச நாளுக்குக் கூடுதல் டோஸ் தருவார். ஆனால் தொடங்கும் முன் காப்பரும், ரத்தத்தில் அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதமும் பார்த்திருக்க வேண்டும், முடியும் தேதியும் சீட்டில் இருக்க வேண்டும். தேதியில்லாமல் ஓடும் 50 மில்லிகிராம்தான் வில்லங்கம்.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் ஜிங்குக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

சுமார் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை: அதே லேப், அதே காலை நேரம், அதே கருநீல ட்யூப், கூடவே காப்பர், ஆல்புமின், சி.ஆர்.பி. லேப் மாறினால் முறையும் மாறும். பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. சரியானபின் ஆண்டுக்கொரு முறை போதும்.

ஜிங்க் போட்டுவரும்போது பாதம் மரத்துப்போனாலோ, இருட்டில் நடை தள்ளாடினாலோ, இரும்பு போட்டும் ஏறாத ரத்தசோகையோடு வெள்ளையணுவும் குறைந்தாலோ ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். பி12 என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டே இருப்பது இங்கே வழக்கமான தவறு. அந்த வாரமே டாக்டரைப் பார்த்து காப்பர் பரிசோதனை எடுங்கள். காப்பர் குறைவைச் சரிசெய்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு முழுசாகத் தேறாமலும் போகலாம்.