வளர்ச்சிக் கணக்கை எப்படிப் படிப்பது?

செய்தியில் "பொருளாதாரம் வளர்ந்தது" என்று கேட்டால், மக்கள்தொகை எவ்வளவு கூடியது என்று உடனே பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் கடந்த பத்தாண்டில் பல வருடங்கள் உற்பத்தியைவிட மக்கள்தொகை வேகமாகக் கூடியதால், மொத்தம் உயர்ந்தும் தலைக்குக் கிடைத்தது குறைந்துபோனது.

அப்புறம் வேலையின்மை. இதில் இரண்டு கணக்கு உண்டு. தலைப்பில் வருவது வேலை தேடுகிறவர்களை மட்டும் எண்ணுவது, அதுவே சில வருடங்களாக 30 சதவீதத்துக்கு மேல். டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்து வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகள் அதில் வரவே மாட்டார்கள், அவர்களையும் சேர்க்கும் விரிவான கணக்கு 40ஐத் தாண்டுகிறது. நீங்கள் இரண்டாவதையே எடுங்கள்.

வறுமைக்கு மூன்று கோடுகள். அடிமட்டமானது உணவுக்கோடு, அதாவது ஒருவர் போதிய உணவு வாங்கவே தேவைப்படும் பணம்; 2024இல் அது மாதம் 796 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). வேலையில்லாதவருக்கு அரசு தந்த மாத நிவாரணத் தொகை அதே வருடம் 370 ராண்ட். சாப்பாட்டுக்கே பாதிகூட இல்லை!

ஏற்றத்தாழ்வுக்கு ஜினி குறியீடு: எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. தென்னாப்பிரிக்காவில் 2014 கணக்குப்படி 0.63 அளவில், உலகிலேயே மிக மோசமான நிலை. இன்னொன்று, "இங்குள்ள இந்தியர்கள் வசதியானவர்கள்" என்று யாராவது சராசரியைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு ஒவ்வொரு இனத்துக்குள்ளேயும் இடைவெளி பெருகியிருக்கிறது, வசதியானவர்கள் வாழும் அம்லாங்கா பங்களாவையும் சாட்ஸ்வொர்த் அடுக்குமாடியையும் கூட்டி வகுத்தால் இரண்டு வீட்டு நிலைமையும் தெரியாது.

சரி, எண்கள் எங்கே? தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறையின் (Stats SA) இணையதளத்தில் இலவசம். வேலையின்மை அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், அதில் டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் வரியைத் தேடிப் படியுங்கள்.