துறைமுகக் கட்டணம் எப்படி வருகிறது, தள்ளுபடி எப்படிக் கேட்பது

சென்னை, தூத்துக்குடி போன்ற பெருந்துறைமுகங்களில் எந்தச் சேவைக்கு எவ்வளவு என்பது ‘ஸ்கேல் ஆஃப் ரேட்ஸ்’ என்ற கட்டண அட்டவணையில் இருக்கும். பில் கைக்கு வந்ததும் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். பலர் நேராகத் தொகைப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தொடக்கத்தில் வரும் பொது நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். பணம் மிச்சமாகும் இடம் அதுதான்.

1997 முதல் இந்தக் கட்டணங்களைப் பெருந்துறைமுகக் கட்டண ஆணையமான ‘டாம்ப்’ நிர்ணயித்து வந்தது. அதன் 2015 கொள்கைப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த செலவுக்குச் சராசரி எடுத்து, போட்ட முதலுக்கு 16 சதவீத வருவாயைக் கூட்டுவார்கள். அந்தத் தொகை வசூலாகும்படி கப்பலுக்கும் சரக்குக்கும் கட்டணம் பிரிக்கப்படும். 2021 நவம்பர் 3 முதல் நடைமுறையில் உள்ள புதிய பெருந்துறைமுகச் சட்டம் அந்த அதிகாரத்தைத் துறைமுக வாரியத்திடமே தந்துவிட்டது. ஆனால் வாரியமும் முன்தேதியிட்டுக் கட்டணம் விதிக்க முடியாது. அட்டவணையில் உள்ளது உச்சவரம்பு. துறைமுகம் விரும்பினால் குறைத்து வாங்கலாம். சரக்கு அதிகம் கொண்டுவருபவர்கள் பேசிச் சலுகை பெறுவது இந்த விதியை வைத்துத்தான்.

அடுத்து, உங்கள் கோரிக்கை எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். பில்லே தவறு என்றால் அது திருத்தம் அல்லது ரீஃபண்ட். கேட்பது உங்கள் உரிமை. பில் சரி, ஆனால் சூழ்நிலை நியாயமானது என்றால் அது தள்ளுபடி. தருவதும் மறுப்பதும் வாரியத்தின் விருப்பம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், உரிமையாகக் கிடைக்க வேண்டியதும் கருணை மனுவாகிக் கிடப்பில் போய்விடும்.

திருத்தத்துக்கு ஓர் உதாரணம் பெர்த் ஹயர், அதாவது கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கும் இடத்துக்கான வாடகை. கப்பல் புறப்படத் தயார் என்று சிக்னல் கொடுத்து 4 மணி நேரம் கழிந்ததும் இந்தக் கட்டணம் நிற்க வேண்டும். 30,000 ஜிஆர்டி (கப்பலின் மொத்தக் கொள்ளளவைச் சொல்லும் அலகு) கப்பலுக்கு, ஒரு ஜிஆர்டிக்கு மணிக்கு 0.004 டாலர் என்று வைத்துக்கொள்வோம்: மணிக்கு 120 டாலர். கப்பலை வெளியே வழிநடத்தும் பைலட் வர 9 மணி நேரமானால், கடைசி 5 மணி நேரத்துக்கான 600 டாலர் பில்லில் இருக்கக் கூடாது. அலைமட்டம், மோசமான வானிலை, இரவில் கப்பல் செலுத்தும் வசதியின்மை ஆகியவற்றால் காத்திருந்த நேரம் அந்த 4 மணி நேரக் கணக்கில் சேராது. தயாராகாமலே பொய்யாகச் சிக்னல் கொடுத்தால் ஒரு நாள் பெர்த் ஹயர் அபராதம். ஆகவே கப்பலின் லாக் புத்தகத்தில் சிக்னல் நேரம் நிமிடச் சுத்தமாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

டெமரேஜில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். இலவசமாகத் தரும் நாட்களுக்குள் எடுக்காமல் சரக்கைத் துறைமுகத்தில் விட்டுவைத்தால் விழும் கட்டணம் இது. சுங்க விடுமுறையும் துறைமுகம் இயங்காத நாளும் இலவச நாட்களில் சேராது. இலவசக் காலம் முடிந்துவிட்டால், பெரும்பாலும் ஞாயிறும் பண்டிகையும்கூட எண்ணப்படும்; நாள் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நீங்கள் டெலிவரி கேட்டும் துறைமுகத்தால் தர முடியாத நாட்களுக்கு டெமரேஜ் கிடையாது. ஆனால் கேட்டதற்கு எழுத்துச் சான்று வேண்டும். கிரேன் பழுதான அன்றே டிராஃபிக் மேனேஜர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுவாரம் எழுதும் கடிதத்துக்கு அந்த மதிப்பு வராது.

‘சுங்கத்துறை நிறுத்தி வைத்தது, நான் என்ன செய்வேன்?’ என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். சரக்குதாரர் மேல் தவறே இல்லாவிட்டாலும் டெமரேஜ் வசூலிக்கலாம் என்று சென்னைத் துறைமுக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1975-இலேயே சொல்லிவிட்டது. சரக்கை நிறுத்தி வைத்ததற்குச் சுங்கத்துறையிடம் டிடென்ஷன் சான்றிதழ் வாங்கி, அட்டவணையில் அதற்குச் சலுகை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் தள்ளுபடி மனுதான்.

மனுவில் முதல் பக்கம் ஒரு தேதிப் பட்டியலாக இருக்கட்டும்: கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்கான இறக்குமதி அறிக்கை) போட்டது, நிறுத்தம் தொடங்கியது, முடிந்தது, சரக்கு வெளியேறியது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஆவணம் இணைக்க வேண்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எவ்வளவு ரூபாய் என்று துல்லியமாகக் கேளுங்கள். முன்பிருந்த 1963 பெருந்துறைமுகச் சட்டம் தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. தணிக்கைக்குப் பதில் சொல்லப்போகும் அதிகாரிக்கு அந்தக் காரணத்தை நீங்கள்தான் தயாராக எழுதித் தர வேண்டும். ‘தயவுகூர்ந்து’ என்று பத்து முறை எழுதுவதால் பலனில்லை.

பொதுத் தள்ளுபடிகளும் அபூர்வமாக வரும். ஊரடங்கால் ஏற்பட்ட தாமதத்துக்கு 2020 மார்ச் 22 முதல் ஏப்ரல் 14 வரை டெமரேஜ், அபராதம் வசூலிக்க வேண்டாம் என்று கப்பல் துறை அமைச்சகம் உத்தரவிட்டது, பின்பு நீட்டித்தது. கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் ஷிப்பிங் லைன் (கப்பல் நிறுவனம்) போடும் டிடென்ஷனும், சிஎஃப்எஸ் எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையத்தின் இட வாடகையான கிரவுண்ட் ரெண்டும் துறைமுகக் கட்டணம் அல்ல. அவற்றுக்கு லைனிடமும் சிஎஃப்எஸ்ஸிடமும் தனித்தனியாக மனு போட வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கும்போதும் டெமரேஜ் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி, சரக்கை எடுத்துவிடுங்கள். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க 1963 சட்டம் வைத்த கெடு 6 மாதம். இன்றும் அதற்குள் மனு போய்விடட்டும். எல்லா ஆவணமும் கொடுத்து 20 நாளாகியும் ரீஃபண்ட் வராவிட்டால், அட்டவணையில் வட்டி விதி இருக்கிறதா என்று பார்த்து, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.