லேமினேட்டா, சிந்தெடிக்கா? வேட்டை ரைஃபிளுக்கு ஸ்டாக் வாங்கும் முன்

ரைஃபிளின் குழலைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டைதான் ஸ்டாக். மரத் தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் ஸ்டாக் நல்லதா, செயற்கைப் பொருளில் செய்த சிந்தெடிக் நல்லதா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் சிந்தெடிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகளை விற்கிறார்கள். ஒன்று, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தி எடுப்பது. ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் மாதிரி விலை குறைந்த ரைஃபிள்களோடு வருவது இதுதான். இன்னொன்று, கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ எபாக்சி என்ற கெட்டிப் பசை விட்டு அடுக்கி வார்ப்பது, மெக்மில்லன் போன்றவர்கள் செய்வது. விலையே பல மடங்கு வித்தியாசப்படும். ஒருவர் முதல் வகையை மனதில் வைத்துத் திட்டுவார், இன்னொருவர் இரண்டாவதை வைத்துப் புகழ்வார், சண்டை முடியவே முடியாது.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு வழியில்லை. அதனால் இது கனடா, அமெரிக்கா பக்கம் லைசென்ஸ் எடுத்து மானுக்கோ மூஸ் என்ற பெரிய மான் இனத்துக்கோ போகிறவர்களுக்காக எழுதுவது.

முதலில் லேமினேட். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய பிர்ச் மரத் தகடுகளுக்குச் சாயம் ஏற்றி, பசை போட்டு, அடுக்கடுக்காக அழுத்தி ஒரே கட்டையாக்கி, அப்புறம் கடைந்து எடுக்கிறார்கள். முழு வால்நட் மரம் மழையில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், எந்தப் பக்கம் வளையும் என்று சொல்ல முடியாது. வளைந்து குழலைத் தொட்டுவிட்டால் குண்டு விழும் இடம் மாறிவிடும். லேமினேட்டில் ஒரு தகடு வளையப் பார்த்தாலும் பக்கத்துத் தகடும் நடுவிலுள்ள பசையும் விடாது. ஜெர்மானியர்கள் 1930-களின் கடைசியிலேயே தங்கள் ராணுவத்தின் 98கே ரைஃபிளுக்கு இப்படித்தான் கட்டை செய்தார்கள். அமெரிக்காவில் இந்த அடுக்குக் கட்டையைப் பெருமளவில் செய்துகொடுத்த ரட்லண்ட் பிளைவுட் ஆலை, வெர்மான்ட்டில், 2014 ஆகஸ்டில் எரிந்துபோனது; எத்தனை துப்பாக்கி கம்பெனிகள் அந்த ஒரே ஆலையை நம்பியிருந்தன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

கனடாவின் தொலைதூர வடபகுதிகளைக் கண்காணிக்கும் ராணுவப் பிரிவான கனடிய ரேஞ்சர்களுக்குக் கொடுத்த சி-19 ரைஃபிளில் சிவப்பு லேமினேட் ஸ்டாக்தான். வடதுருவக் குளிரில் அலைகிறவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது லேமினேட்டுக்குப் பெரிய சான்றிதழ். ஆனால் அவற்றில் சிலது விரிசல் விட்டதாகவும் செய்தி வந்தது. என்ன செய்தாலும் அது மரம்தான்.

பிளாஸ்டிக்கை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். ரெமிங்டன் 1959-இல் நைலான் கட்டையோடு விட்ட நைலான் 66 பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லை, கீறினாலும் போகிறது என்று விடலாம். அதன் பலவீனம் முன்பகுதியில் இருக்கிறது. கடையிலேயே பார்த்துவிடலாம்: குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்து, குழல் பொருந்தியிருக்கும் ரிசீவர் என்ற உலோக உடல் வரை இழுங்கள். தடையில்லாமல் போனால் சரி. இப்போது நோட்டு உள்ளே இருக்கும்போதே ஸ்டாக்கின் முன்நுனியைக் குழலோடு சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடியுங்கள். மட்டமான பிளாஸ்டிக் அப்படியே வளைந்து நோட்டைக் கவ்விக்கொள்ளும். பைபாட் என்ற இரட்டைக் கால் தாங்கி போட்டு அழுத்திப் படுத்துச் சுட்டாலும், தோல்வாரை இறுக்கிச் சுட்டாலும் இதே வளைவுதான் வரும், நூறு கெஜத்தில் அது தெரியாமல் போகலாம், முந்நூறில் தெரியும். பின்பகுதியையும் விரலால் தட்டிப் பாருங்கள். காலிக் குடம் மாதிரி சத்தம் வந்தால் காட்டில் ஒவ்வொரு கிளை உரசும்போதும் அதே சத்தம்தான், மானுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எடைதான் அடுத்த கேள்வி, என் பார்வையில் பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். டிக்கா டி3எக்ஸ் லைட் மாதிரி சிந்தெடிக் ரைஃபிள் 3 கிலோவுக்குள் அடங்கும். லேமினேட் போட்டால் 300, 400 கிராம் கூடும். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு அந்தக் கனம் லாபம், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பலமான தோட்டாக்களின் உதையைத் தோள் கொஞ்சம் குறைவாக வாங்கும், குறி வைக்கும்போது ஆட்டமும் குறையும். அலாஸ்காவில் டால் என்ற காட்டுச் செம்மறியைத் தேடி நாள் முழுக்க மலை ஏறுகிறவருக்கு அதே கனம் எமன். அவர் காசு சேர்த்து நல்ல ஃபைபர்கிளாஸோ கார்பனோ வாங்கட்டும், நடுவில் வேறு யோசனை வேண்டாம்.

மழையும் பார்க்க வேண்டும். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் கெட்சிகன் என்ற ஊரில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூடவே உப்புக்காற்று. அங்கே நான் சிந்தெடிக்கும் ஸ்டெயின்லெஸ் குழலும்தான் சொல்வேன்.

மற்றபடி ஒன்டாரியோ, விஸ்கான்சின் மாதிரி இடங்களில் இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர், கையில் விலை குறைந்த ரைஃபிள் வைத்திருப்பவர், ஆட்டம் போடும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஸ்டாக் செய்து விற்கும் போய்ட்ஸ் மாதிரி இடத்தில் லேமினேட் வாங்கிப் போடுவது நல்ல செலவு. எபாக்சி அதில் நன்றாகப் பிடிக்கும் என்பதால் பெட்டிங் செய்வதும், அதாவது ரிசீவர் ஆடாமல் பொருந்த எபாக்சியால் படுக்கை போடுவதும் எளிது. அச்சுப் பிளாஸ்டிக்கில் எபாக்சி ஒட்டாமல் உரிந்து வரும், துளை போட்டு மல்லுக்கட்ட வேண்டும். திருகுத் துளையில் அலுமினியப் பில்லர் என்ற குழாய் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திருகை இறுக்க இறுக்க மரம் அமுங்கும்.

லேமினேட் வாங்கினால் வீட்டில் ஒரு மாலை வேலை இருக்கிறது. வெளியே பளபளவென்று பூச்சு இருந்தாலும் உள்ளே கடைந்த இடங்களில் பெரும்பாலும் ஒழுங்காக இருக்காது. பின்னால் ரப்பர் பட்டையைக் கழற்றினால் மரத்தின் வெட்டுமுகம் பச்சையாகத் தெரியும், தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். அங்கே, குழல் படுக்கும் பள்ளத்தில், வார் மாட்டும் துளைகளில், மூன்று இடத்திலும் வார்னிஷோ எபாக்சியோ மெல்லிசாக இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள்.

எந்த ஸ்டாக் ஆனாலும் நனைந்து வந்த அன்று குழலைப் பிரித்து எடுத்துத் துடையுங்கள், பிளாஸ்டிக்காரர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். ஸ்டாக் துருப்பிடிக்காது, அதற்கு அடியில் மறைந்திருக்கும் இரும்பு பிடிக்கும். திரும்ப மாட்டும்போது தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) திருகை இறுக்கி, சுடும் மைதானத்தில் ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழுகிறதா என்று சரிபார்த்த பிறகு காட்டுக்கு எடுத்துப் போங்கள்.