கிளினிக் மேனேஜராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? பணிவிடைத் தலைமையை இப்படித் தொடங்குங்கள்

கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது வீட்டுக்காரரைக் கவனித்திருப்பீர்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். "இந்த வரிசைக்கு ரசம் வரலையே", "பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைப்பா" என்று குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பரிமாறுகிறவரின் வாளி காலியாவதற்குள் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார். அந்த வீட்டுக்குத் தலைவர் அவர்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் பரிமாறுகிறவர்களின் கை தடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை.

சர்வன்ட் லீடர்ஷிப், அதாவது பணிவிடைத் தலைமை, என்று நிர்வாகப் படிப்பில் சொல்வது இதைத்தான். 1970-ல் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் இந்தப் பெயரைக் கொடுத்தார். ஏ.டி.அண்ட்.டி தொலைபேசி நிறுவனத்தில் 38 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருவர் நல்ல தலைவரா என்று அறிய, அவரிடம் வேலை செய்கிறவர்கள் வளர்கிறார்களா, சொந்தமாக முடிவெடுக்கும் தைரியம் பெறுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.

நான் ஒரு சிறிய கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்க்கிறேன். மூன்று டாக்டர்கள், 14 பணியாளர்கள், ஒரு லேப், ஒரு மருந்துக் கவுன்டர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு திங்கட்கிழமை காலை ரிசப்ஷனில் உட்காருங்கள்

திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம், அதனால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள். முதல் நாளே ரிசப்ஷனில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு உங்க பக்கத்துல உட்காரப் போறேன். உங்களைச் சோதிக்க இல்லை. போன் எடுக்கிறது, டோக்கன் போடுறது, எதைச் சொன்னாலும் செய்யறேன்." நோட்டும் பேனாவும் எடுத்துப் போகாதீர்கள். நோட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு இது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும்.

நான் முதன்முதலில் அப்படி உட்கார்ந்த காலையில் ஒன்றைப் பார்த்தேன். பில் பிரின்டர் உள்ளறையில் இருந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் அந்தப் பெண் எழுந்து, நாற்காலியைத் தள்ளி, கதவைத் திறந்து போய் எடுத்து வந்தாள். பகல் ஒரு மணிக்குள் 43 தடவை எழுந்தாள். அவள் உள்ளே போன நேரம் பார்த்து போன் அடிக்கும். எதிரே குழந்தையோடு நிற்கிற தாய், தன்னைக் கண்டுகொள்ளாமல் இந்தப் பெண் எழுந்து போகிறாள் என்று நினைத்து முகம் சுளிப்பார். "ரிசப்ஷன்ல மரியாதையா பேசறதில்ல" என்று எனக்கு வந்துகொண்டிருந்த புகார்களில் பாதிக்குக் காரணம் அந்தப் பிரின்டர்தான். அன்று மாலையே ஒரு சின்ன மேசையும் நீளமான ஒயரும் வாங்கி அதை வெளியே கொண்டுவந்தோம். செலவு ஆயிரத்து சொச்சம். அதற்கு முன்பு ஒரு வருடமாக நான் அவளுக்கு "பொறுமையா பேசும்மா" என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கஷ்டப்படுகிறது.

படி 2: ஒவ்வொருவரிடமும் தனியாக 15 நிமிடம் பேசுங்கள்

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றுதான் பதில் வரும். "தினமும் உங்களுக்கு எரிச்சல் தர்ற ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் யோசிக்கிற அரை நிமிட மௌனத்தைத் தாங்கப் பழக வேண்டும்.

குறைந்த சம்பளம் வாங்குகிறவரிடமிருந்து தொடங்குங்கள். எங்கள் கிளினிக்கில் அது துப்புரவு வேலை செய்யும் அக்கா. முதல் பத்து நிமிடம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். அப்புறம் எழுந்து போகும்போது, கதவருகே நின்று, "மஞ்சப் பையில சில நாளு ஊசி கெடக்குது பாப்பா. ரெண்டு வாட்டி குத்திருச்சு" என்றார். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் போடுகிற மருத்துவக் கழிவுப் பை அது. யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். "நீ ஏன் பாத்து எடுக்கலன்னு திட்டுவாங்கன்னு சொல்லல" என்றார்.

மருத்துவத் துறையில் பணிவிடைத் தலைமை என்பது வெறும் அன்பான பேச்சு இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்தக் கதவருகில்தான். 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசியும் பிளேடும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போக வேண்டும். கழிவைக் கையாள்கிற அத்தனை பேருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எங்கள் சிஸ்டர்கள் எல்லோரும் போட்டிருந்தார்கள். அந்த அக்காவுக்கு மட்டும் யாரும் போடவில்லை.

இதையெல்லாம் நாங்கள் உடனே செய்தோம், நீங்களும் செய்யுங்கள். ஊசி போடும் ஒவ்வொரு இடத்திலும் கை எட்டும் தூரத்தில் வெள்ளை டப்பா இருக்கட்டும். சிஸ்டர் நான்கு அடி நடக்க வேண்டியிருந்தால், அவசரத்தில் ஊசி பக்கத்தில் இருக்கும் பைக்குத்தான் போகும். எல்லோருடைய தடுப்பூசிப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. தேதிகளை உங்கள் போனில் போட்டு வையுங்கள், அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஊசி குத்தினால் என்ன செய்வது என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு, பிதுக்காதே, உடனே டாக்டரிடம் சொல். எச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய உயிரோடு விளையாடுவதுதான்.

படி 3: கேட்டதில் ஒன்றை ஒரு வாரத்துக்குள் முடித்துக் காட்டுங்கள்

சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மருந்துக் கவுன்டரில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு ஒரு உயரமான ஸ்டூல், ஓய்வறைக்கு ஒரு மின்விசிறி. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். உங்கள் இடத்துக்கு அது பொருந்துமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், ஸ்டூலை வாங்கிப் போடுங்கள். கேட்டு எழுதிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடியாததை முடியாது என்று, காரணத்தோடு, நேரில் சொல்லிவிடுங்கள்.

படி 4: காலையில் பத்து நிமிடம் நின்றபடி ஒரு கூட்டம்

ஓ.பி. தொடங்குவதற்கு முன்னால். இன்று யார் லீவு, எந்த டாக்டர் எத்தனை மணிக்கு, எந்த மருந்து அல்லது லேப் பொருள் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான். யாரையும் இந்தக் கூட்டத்தில் கண்டிக்காதீர்கள், அதைத் தனியறையில் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒருவர் இதை நடத்தட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள்.

படி 5: தவறு நடந்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். ஒரு நாள் லேபில் செல்வி என்ற பெயரில் இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தோம். ஒருவருக்கு 34 வயது, இன்னொருவருக்கு 61. டியூபில் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது. ரிப்போர்ட் மாறிப் போனது. லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்கு அரை மணி நேரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் முந்தின வாரம் ஒரு ரிப்போர்ட் தாமதமானதற்கு நான் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருந்தேன். அதனால் அவள் மாலை வரை சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்றி எழுதிய சீட்டோடு ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தார். நல்ல வேளை, அன்று இரவு மாத்திரை போடுவதற்குள் போனில் பிடித்துவிட்டோம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகளோ அங்கேதான் அதிகம். தவறு அங்கே அதிகம் நடந்ததால் அல்ல, அதைச் சொல்ல அங்கே பயப்படவில்லை என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம்.

அதனால் யாராவது வந்து "மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றால், உங்கள் முதல் வார்த்தை "சொன்னதுக்கு நன்றிம்மா" என்று இருக்கட்டும். இரண்டாவது: "நோயாளி இப்ப எப்படி இருக்காங்க?" மூன்றாவதாகத்தான் எப்படி நடந்தது என்ற கேள்வி. யார் செய்தது என்று தொடங்கினால் அங்கேயே கதவு மூடிக்கொள்ளும். நாங்கள் அப்புறம் செய்தது எளிமையான ஒரு மாற்றம். டியூபில் பெயரோடு ஓ.பி. எண்ணையும் எழுதுவது, அதையும் நோயாளியின் முன்னாலேயே, அவர் வாயால் பெயரும் வயதும் சொல்ல வைத்த பிறகு எழுதுவது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மென்மையாகப் பேசுவது என்பதற்கு எதையும் விட்டுக்கொடுப்பது என்று அர்த்தம் இல்லை. கை கழுவாமல் அடுத்த நோயாளியைத் தொடுவதும் எடுக்காத பி.பி.யை எடுத்ததாக எழுதுவதும் எங்கள் கிளினிக்கில் நடக்கக் கூடாது. டாக்டராக இருந்தாலும் அப்படித்தான்.

படி 6: அடி விழும் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்

உறவினர் ஒருவர் கத்துகிறார் என்றால் ரிசப்ஷன் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் முன்னால் வாருங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அந்த அறிவிப்பைச் சுவரில் மாட்டுங்கள்.

இதைவிடக் கஷ்டம் டாக்டரிடம் பேசுவது. ஓ.பி. பத்து மணிக்கு என்று போர்டு இருக்கும், டாக்டர் பதினொன்றே காலுக்கு வருவார். இடையில் உள்ள எழுபத்தைந்து நிமிடத் திட்டும் ரிசப்ஷனுக்கு. டாக்டரே முதலாளியாகவும் இருந்தால் யார் பூனைக்கு மணி கட்டுவது? நீங்கள்தான். ஒரு வாரம் டாக்டர் வந்த நேரத்தையும் அப்போது காத்திருந்தவர்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். ஓ.பி. முடிந்த பிறகு, அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாளைக் காட்டுங்கள். குறை சொல்லும் குரல் வேண்டாம். எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு வீட்டிலிருந்து கிளம்பியதும் ரிசப்ஷனுக்குப் போன் செய்ய ஒத்துக்கொண்டார். அந்த நேரத்தை வைத்து நோயாளிகளுக்கு உண்மையைச் சொல்ல முடிந்தது.

படி 7: அவர்களை வளர்த்துவிடுங்கள்

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோயிருந்தவர் அவர். கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக்கினார்கள். அறுவை அரங்கில் சர்ஜன் ஒரு மேசையில் முடிக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அந்தப் பெண்களின் கைகள் இல்லாமல் அது நடக்காது. வெறும் உதவியாள் என்று நினைக்காமல் அவர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள்.

உங்கள் கிளினிக் சிறியதாக இருக்கலாம். வாரம் ஒரு மணி நேரம் போதும். ரிசப்ஷனில் இருப்பவருக்கு இன்சூரன்ஸ் பேப்பர் வேலை சொல்லிக் கொடுங்கள், சிஸ்டருக்கு ஸ்டாக் கணக்கு. கற்றுக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்களே என்று கேட்பார்கள். போவார்கள். பிரின்டருக்காக 43 தடவை எழுந்த அந்தப் பெண்ணும் போனாள், ஒரு பெரிய மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு, கூடுதல் சம்பளத்தில். போவதற்கு முன் இரண்டு வாரம் புதுப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் வேலையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். அதன் முதல் பக்கம்: "டாக்டர் கிளம்பினதும் போன் வரும். வரலைன்னா நீயே பண்ணு. எடுக்கலைன்னா பயப்படாம மேடம்கிட்ட சொல்லு, அவங்க பேசுவாங்க."