மதுரைக்குச் சுற்றுலா நிதி கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மதுரைப் பக்கம் வியாபாரிகள் சங்கமோ ஊராட்சியோ சுற்றுலா வசதி கேட்டு மனு எழுதினால், பெரும்பாலும் அது நேராக மத்திய சுற்றுலா அமைச்சருக்குப் போகிறது. முதல் தவறு இதுதான். சுற்றுலாத் தலங்களை வளர்க்கும் ‘சுவதேஷ் தர்ஷன்’, புனிதத் தலங்களுக்கான ‘பிரஷாத்’ என்று அந்த அமைச்சகத்தின் பெரிய திட்டங்கள் எதுவானாலும், மாநில அரசு முன்மொழிந்தால்தான் கோப்பு நகரும். பிரஷாத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இடம்பிடித்தன. சுவதேஷ் தர்ஷனின் இரண்டாம் கட்டத்தில் மாமல்லபுரமும் நீலகிரியும் வந்தன. “தில்லி மதுரையைக் கண்டுகொள்ளவில்லை” என்று கோபப்படும் முன், சென்னையிலிருந்து என்ன போனது என்று விசாரிப்பது நல்லது. மனுவை கலெக்டர் ஆபீஸிலிருந்தும் மாவட்டச் சுற்றுலா அலுவலரிடமிருந்தும் தொடங்குங்கள். எம்.பி.யிடம் ஒரு நகல் கொடுத்து வைப்பதில் தப்பில்லை.

இதைவிடப் பெரிய தவறு, ஊரில் பார்க்கத்தக்க இடம் எல்லாமே சுற்றுலாத் துறையுடையது என்று நினைத்துக்கொள்வது. உண்மையில் அந்தத் துறையின் கையில் இருப்பது ரொம்பக் குறைவு. மீனாட்சி அம்மன் கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலைப் பராமரிப்பது மாநிலத் தொல்லியல் துறை. கீழக்குயில்குடி சமணர் மலையின் சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அந்தத் துறை வருவது கலாச்சார அமைச்சகத்தின் கீழ். 2019 முதல் கலாச்சாரத்துக்கும் சுற்றுலாவுக்கும் ஒரே அமைச்சர்தான், ஆனால் நிதிக் கணக்கு தனித்தனி. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைச் சீரமைத்த ஸ்மார்ட் சிட்டி பணமும் சுற்றுலாப் பணம் அல்ல. அது மத்திய நகர்ப்புற அமைச்சகமும் மாநிலமும் பாதிப்பாதி போட்ட காசு. விமான நிலையத்துக்கு இன்னொரு அமைச்சகம், ரயில் நிலையத்துக்கு வேறொன்று. வெளியூர்க்காரர் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கும் இடங்களுக்குப் பின்னால் இத்தனை கஜானாக்கள்! அதனால் மனு எழுதும் முன் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பணம் அந்த வழியாகத்தான் வரும்.

சமணர் மலை மாதிரி இடங்களில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். மலையடிவாரத்தில் கேன்டீன், கழிப்பறை, ஓய்வறை என்று வரைபடத்தோடு மனு தயாரிப்பவர்கள் இந்த அளவை முதலில் டேப் பிடித்துப் பார்ப்பதே இல்லை.

அடுத்து பட்ஜெட். பிப்ரவரியில் செய்தித்தாளில் வரும் தொகையை அப்படியே செலவாகப்போகும் பணம் என்று நம்பிவிடுகிறோம். 2024-25 பட்ஜெட்டில் மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 2,480 கோடி ரூபாய். அதே ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் அது சுமார் 850 கோடியாகிவிட்டது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2025-26-க்கு மறுபடியும் 2,541 கோடி என்று அறிவித்தார்கள். முதல் எண்ணை மட்டும் வைத்து மேடையில் பேசுவது சுலபம். நிதி கேட்கப் போகிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

வந்த பணமெல்லாம் மானியம் என்று நினைப்பதும் தவறு. 2024 இறுதியில் 23 மாநிலங்களில் 40 சுற்றுலாத் திட்டங்களுக்குச் சுமார் 3,296 கோடி ஒப்புதல் ஆனது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை மாமல்லபுரம் நந்தவனப் பூங்காவும் நீலகிரி தேவாலா மலர்ப் பூங்காவும், இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட 170 கோடி. வட்டி கிடையாது, 50 ஆண்டு தவணை, ஆனாலும் கடன் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டியது மாநில அரசு. அதனால்தான் வில்லங்கமில்லாத நிலம் கையில் இல்லாத திட்டத்தை அதிகாரிகள் தொடவே தயங்குகிறார்கள்.

பராமரிப்பைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லாமல் விடுவது பலர் செய்வது. சுவதேஷ் தர்ஷனில் கட்டும் செலவு முழுக்க மத்திய அரசுடையது. கட்டி முடித்த பிறகு மின்கட்டணம், காவலாளி, துப்புரவு எல்லாம் மாநிலத்தின் தலையில். கழிப்பறை கேட்டால், அதை யார் கழுவுவார்கள், அந்தச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊராட்சித் தீர்மானம் ஒன்றை இணைத்தால் இன்னும் நல்லது.

பழசாகிப்போன பாணியில் கேட்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பல ஊர்களைக் கோர்த்து ‘சுற்றுலா வளையம்’ கேட்பது சுவதேஷ் தர்ஷனின் முதல் கட்டப் பாணி. இரண்டாம் கட்டத்தில் ஒரு தலத்தைத் தேர்ந்தெடுத்து அதை முழுமையாக வளர்ப்பதுதான் முறை. பழைய மனுவில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம் கீழடி. மதுரைக்காரர்கள் அதை நம்மூர் என்றே பேசுவோம், பஸ்ஸும் இங்கிருந்துதான். ஆனால் அது சிவகங்கை மாவட்டம். 2023-இல் திறந்த அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. அங்கே நிழற்குடை வேண்டுமென்று மதுரை கலெக்டரிடம் மனு கொடுத்தால், அது சிவகங்கைக்குப் போய்ச் சேரவே சில வாரம் ஆகும்.